உங்கள் வீட்டுக் கார் இருபது ஆண்டு ஓடுமா?

மாணவர்களே, ஒரு கார் அதிகபட்சம் எவ்வளவு தூரம் ஓடும் என்று நினைக்கிறீர்கள்? வகுப்பில் இந்தக் கேள்வியைக் கேட்டால் பெரும்பாலும் இரண்டு லட்சம் கிலோமீட்டர், மூன்று லட்சம் கிலோமீட்டர் என்றுதான் பதில் வரும்.

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் இர்வ் கார்டன் என்ற அறிவியல் ஆசிரியர் இருந்தார். 1966ஆம் ஆண்டில் அவர் சிவப்பு நிற வோல்வோ பி1800 கார் ஒன்றை வாங்கினார். தினமும் அதிலேயே பள்ளிக்குப் போனார், விடுமுறையில் அதிலேயே ஊர் சுற்றினார். 1987இல் அந்தக் கார் பத்து லட்சம் மைலைத் தாண்டியது. 2013 செப்டம்பரில் அலாஸ்காவில் முப்பது லட்சம் மைலை எட்டியது. கிலோமீட்டரில் சொன்னால் 48 லட்சத்துக்கும் மேல்! நிலவுக்கு ஆறு முறை போய்த் திரும்பும் தூரம் அது. கார்டன் 2018இல் காலமானார். கடைசி வரை அந்தக் கார் அவரிடமே இருந்தது.

அவருடைய காரில் மந்திரம் எதுவும் இல்லை. காரோடு வந்த கையேட்டில் எழுதியிருந்ததைக் காலம் தவறாமல் செய்தார், அவ்வளவுதான். இத்தனை தூரத்தில் அந்த இஞ்சினையும் பிரித்துச் சரிசெய்ய வேண்டி வந்தது உண்மைதான். ஆனால் முதல் முறை பிரித்தபோதே அது பத்து லட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓடி முடித்திருந்தது.

அடுத்து எங்கள் வீட்டுக் காரின் கதையையும் சொல்கிறேன். அது இவ்வளவு பெருமையான கதை இல்லை.

லாத்தா இஸ்கண்டாரில் நின்ற கார்

நான் இரண்டாம் படிவம் படித்த ஆண்டு அது. பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு கேமரன் மலைக்குப் புறப்பட்டோம். தாப்பாவிலிருந்து மலை ஏறும் பழைய சாலை, வளைவுக்கு மேல் வளைவு. லாத்தா இஸ்கண்டார் நீர்வீழ்ச்சிக்குப் பக்கத்தில் வந்தபோது வெப்பநிலை முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. அப்பா காரை ஓரமாக நிறுத்தினார். கொஞ்ச நேரம் காத்திருந்தோம். பிறகு ரேடியேட்டரில் குடிதண்ணீரை ஊற்றிவிட்டுக் கிளம்பினோம்.

சற்றுத் தூரம் போனதும் முள் மறுபடியும் ஏறியது. அம்மா நிறுத்தச் சொன்னார். "இன்னும் கொஞ்ச தூரம்தான்மா, ரிங்லெட் வந்திரும்" என்றார் அப்பா. ரிங்லெட் வருவதற்குள் இஞ்சின் நின்றுவிட்டது.

பட்டறையில் இஞ்சினைப் பிரித்துப் பார்த்த மெக்கானிக், மேல் பகுதி வளைந்துவிட்டது என்றார். அவர் சொன்ன செலவு அந்தக் காரின் விலையை விடக் கூடுதல். கார் பழைய இரும்புக்குப் போனது. அடுத்த இரண்டு ஆண்டு அப்பா மழையிலும் வெயிலிலும் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போனார். அக்காவுக்குப் பக்கத்து ஊரில் இருந்த இரவு டியூஷன் நின்றுபோனது. அந்த ஆண்டு அவருக்கு எஸ்.பி.எம். தேர்வு.

அப்பா கவனக்குறைவான மனிதர் அல்லர். காரைத் தினமும் துடைப்பார். ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்தால் உடனே குழாய்த் தண்ணீரை ஊற்றுவார். தவறு அங்கேதான் நடந்தது என்பது நான் அறிவியல் படித்த பிறகுதான் புரிந்தது. அவருக்கு யாரும் சொல்லவில்லை, எனக்கும் அப்போது தெரியாது. உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

பெரும்பாலான கார்கள் வயதாகி நின்றுபோவதில்லை. விலை குறைந்த சில திரவங்களையும் ரப்பர் பாகங்களையும் உரிய நேரத்தில் மாற்றாததால்தான் நிற்கின்றன. ஏன் மாற்ற வேண்டும் என்ற விளக்கம் முழுவதும் உங்கள் பாடநூலிலேயே இருக்கிறது.

இஞ்சின் எண்ணெய்: உராய்வோடு போர்

நெடுஞ்சாலையில் போகும் ஒரு காரின் இஞ்சின் நிமிடத்துக்கு 3,000 முறை சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒரு விநாடிக்கு 50 சுற்று. ஈப்போவிலிருந்து கோலாலம்பூர் வரை இரண்டு மணி நேரம் ஓட்டினால் 3 லட்சத்து 60 ஆயிரம் சுற்று! ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டன் ஒருமுறை மேலே போய்க் கீழே வருகிறது. உலோகத்தின் மேல் உலோகம் நேரடியாக உரசினால் சில நிமிடங்களிலேயே இரண்டும் சூடாகி இறுகிவிடும். பள்ளியில் நீங்கள் 'கெசேரான்' என்று படிக்கும் உராய்வுதான் இது.

அப்படி நடக்காமல் காப்பது இடையில் நிற்கும் எண்ணெய்ப் படலம். அது உங்கள் தலைமுடியை விட மிக மெல்லியது. நம் நாட்டில் 'மீஞாக் ஹீத்தாம்' என்று எல்லாரும் சொல்லும் இஞ்சின் எண்ணெய்க்கு இன்னும் சில வேலைகளும் உண்டு. சூட்டைக் கடத்தும், கரித்தூளைத் தன்னோடு சுமந்துகொள்ளும், உலோகத்தைத் துருவிலிருந்து காக்கும்.

எண்ணெய் ஏன் கெட்டுப்போகிறது? சூட்டில் அது ஆக்சிஜனோடு வினைபுரிந்து மெல்லக் கெட்டியாகிறது. அதில் கலந்திருக்கும் துப்புரவு வேதிப்பொருள்களும் காப்பு வேதிப்பொருள்களும் செலவாகித் தீர்ந்துபோகின்றன. வடிகட்டியும் அழுக்கால் நிறைகிறது.

ஒரு சிறிய கணக்கு பாருங்கள். பெட்ரோல் ஒரு ஹைட்ரோகார்பன். அது எரிந்தால் கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் உண்டாகும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உருவாகிறது! அதில் பெரும்பகுதி புகைக்குழாய் வழியே ஆவியாக வெளியேறிவிடும். ஆனால் ஒரு சிறு பகுதி பிஸ்டன் ஓரமாகக் கசிந்து எண்ணெயில் கலக்கிறது. இஞ்சின் நன்றாகச் சூடானால் அந்த ஈரம் மீண்டும் ஆவியாகிப் போய்விடும். சூடாகும் முன்பே காரை நிறுத்திவிட்டால்? ஈரம் எண்ணெயிலேயே தங்கிவிடும்.

அதனால், தாமானிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தூரத்திலுள்ள பள்ளிக்கு மட்டும் தினமும் போய் வரும் காரை 'அதிகம் ஓடாத கார்' என்று நினைத்து எண்ணெய் மாற்றுவதைத் தள்ளிப்போடக் கூடாது. கையேட்டில் கிலோமீட்டர், மாதம் என்று இரண்டு கணக்கும் இருக்கும். எது முதலில் வருகிறதோ அதைத்தான் பின்பற்ற வேண்டும்.

எண்ணெய் கறுத்திருந்தாலே கெட்டுவிட்டது என்று நினைக்கவும் கூடாது. கரித்தூளைச் சுமப்பது அதன் வேலை, அதனால்தான் கறுக்கிறது. நிறத்தை நம்புவதை விட நாள்கணக்கை நம்புவதே சரி.

கூலண்ட்: அப்பா செய்த தவறு

இஞ்சினுக்குள் எரியும் வாயுவின் வெப்பநிலை 2,000 பாகை செல்சியஸைத் தாண்டும். அலுமினியமோ 660 பாகையிலேயே உருகிவிடும். அப்படியிருந்தும் அலுமினிய இஞ்சின் உருகாமல் இருப்பதற்குக் காரணம், அதன் உடலுக்குள் இடைவிடாமல் ஓடும் திரவம். சூட்டை எடுத்துக்கொண்டு ரேடியேட்டருக்குப் போய், அதைக் காற்றில் விட்டுவிட்டுத் திரும்புகிறது.

"நம் நாட்டில் பனி பெய்வதில்லையே, கூலண்ட் எதற்கு? தண்ணீர் போதாதா?" என்று பலர் கேட்பார்கள். அப்பாவும் அப்படித்தான் நினைத்தார். உறைவதைத் தடுப்பது கூலண்டின் ஒரு வேலை மட்டுமே. நமக்குத் தேவையானவை மற்ற இரண்டு வேலைகள்.

ஒன்று, அது கொதிநிலையை உயர்த்துகிறது. தண்ணீரும் எத்திலீன் கிளைக்காலும் சரிபாதி கலந்தால் கலவையின் கொதிநிலை 100 பாகைக்கு மேல் போகும். ரேடியேட்டர் மூடி உள்ளே அழுத்தத்தைக் கூட்டி அதை இன்னும் உயர்த்துகிறது. பிரஷர் குக்கரும் இதே முறையில்தான் வேலை செய்கிறது. சூடான காரின் ரேடியேட்டர் மூடியை ஒருபோதும் திறக்கக் கூடாது என்று சொல்வதும் இதனால்தான். திறந்த உடனே அழுத்தம் இறங்கும், 100 பாகைக்கு மேல் கொதிக்காமல் காத்திருந்த திரவம் ஒரே கணத்தில் கொதித்து முகத்தில் பீறிடும்.

இரண்டு, அதில் துருவைத் தடுக்கும் வேதிப்பொருள்கள் உள்ளன. வெறும் குழாய்த் தண்ணீரில் அவை இல்லை, தாது உப்புகள்தான் இருக்கின்றன. வீட்டில் தண்ணீர் சுட வைக்கும் கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். அதே படிவும் துருவும் சேர்ந்து ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களை அடைத்துவிடும். எங்கள் காரில் பல ஆண்டுகளாக அதுதான் நடந்திருக்கிறது. சமதரையில் சமாளித்தது, மலை ஏறும்போது முடியவில்லை.

சரி, இஞ்சின் ஏன் வளைந்தது? அந்தக் காரில் இஞ்சினின் மேல் பகுதி அலுமினியம், கீழ்ப் பகுதி வார்ப்பிரும்பு. ஒரே அளவு சூட்டுக்கு அலுமினியம் இரும்பை விட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். 40 சென்டிமீட்டர் நீள அலுமினியம் 70 பாகை சூடேறினால் சுமார் 0.6 மில்லிமீட்டர் நீளும். இரும்பு அதில் பாதிதான் நீளும். இந்த வித்தியாசத்தைத் தாங்கும்படிதான் இஞ்சின் செய்யப்பட்டிருக்கிறது. ஆனால் சூடு எல்லை மீறினால், போல்ட்டுகளால் இறுக்கிப் பிடிக்கப்பட்ட அலுமினியத்துக்கு விரிய இடமில்லை. அது வளைந்துவிடும். அதற்குப் பிறகு நடுவிலுள்ள கேஸ்கட் அடைத்து நிற்காது, வாயுவும் தண்ணீரும் ஒன்றாகக் கலந்துவிடும்.

முள் சிவப்பைத் தொட்டால் செய்ய வேண்டியது ஒன்றுதான்: பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, இஞ்சினை அணைத்து, உதவிக்கு அழைப்பது. "இன்னும் கொஞ்ச தூரம்" என்பதுதான் எங்கள் காரைக் கொன்றது. ஒரு புட்டி கூலண்டின் விலை ஒரு குடும்பம் வெளியே போய்ச் சாப்பிடும் செலவுக்கு மேல் வராது.

பிரேக் எண்ணெய்: இறங்கும்போது தெரியும் ஆபத்து

காரின் ஆயுளை விட நம் ஆயுளுக்கு முக்கியமான திரவம் இது. நீங்கள் மிதிக்கும் அழுத்தத்தைத் திரவம் நான்கு சக்கரங்களுக்கும் அப்படியே கடத்துகிறது. இது பாஸ்கல் தத்துவம். திரவத்தை அமுக்கிச் சுருக்க முடியாது என்பதால்தான் இது நடக்கிறது.

பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. நம் நாட்டுக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை. டாட் 4 வகை பிரேக் எண்ணெய் புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 230 பாகை இருக்க வேண்டும் என்பது விதி. எண்ணெய் ஈரத்தை உறிஞ்சிய பிறகு அந்த வரம்பு 155 பாகைக்கு இறங்கிவிடுகிறது.

இனி கேமரன் மலையிலிருந்தோ கெந்திங்கிலிருந்தோ இறங்கும் காரை நினைத்துப் பாருங்கள். விடாமல் பிரேக்கை மிதித்தால் சக்கரத்திலுள்ள சூடு பிரேக் எண்ணெய்க்குப் பரவும். ஈரம் கலந்த எண்ணெய் கொதித்து ஆவிக் குமிழ்கள் தோன்றும். வாயுவை அமுக்கிச் சுருக்க முடியும் அல்லவா? மிதித்தால் குமிழ் சுருங்கும், கார் நிற்காது. அதனால் மலை இறங்கும்போது குறைந்த கியரில் வர வேண்டும், பிரேக் எண்ணெயைக் கையேடு சொல்லும் காலத்தில் மாற்ற வேண்டும். பல கார்களுக்கு அது இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை.

ரப்பரும் துருவும்

ரப்பருக்கு வயது உண்டு. வெயில், சூடு, ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்து அதை இறுக வைத்து வெடிக்கச் செய்கின்றன. சில இஞ்சின்களில் டைமிங் பெல்ட் என்ற ரப்பர் பட்டை வால்வுகளையும் பிஸ்டன்களையும் ஒரே தாளத்தில் இயக்குகிறது. பல இஞ்சின்களில் அது அறுந்தால் பிஸ்டன் வால்வில் மோதி இரண்டும் கெடும். அறுவதற்கு முன் அது பெரும்பாலும் எந்தச் சத்தமும் கொடுக்காது. அதனால் கையேட்டில் எழுதியுள்ள கிலோமீட்டரில் மாற்றிவிட வேண்டும்.

டயரின் வயதை நீங்களே கண்டுபிடிக்கலாம். பக்கச் சுவரில் டாட் என்ற ஆங்கில எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2319 என்றிருந்தால் அந்த டயர் 2019ஆம் ஆண்டின் 23வது வாரத்தில் செய்யப்பட்டது. காற்று குறைந்த டயர் அதிகமாக நெளிந்து சூடாகும். சூடானால் சீக்கிரம் தேயும், வெடிக்கவும் கூடும். காற்றைக் காலையில், கார் ஓடும் முன் அல்லது பக்கத்திலுள்ள எண்ணெய் நிலையத்திலேயே அளக்க வேண்டும். சூடான வாயுவுக்கு அழுத்தம் கூடும் என்பதால், ஓடி வந்த டயரில் கருவி கூடுதலாகவே காட்டும்.

பள்ளியில் 'பெங்காராத்தான்' என்று படிக்கும் துருவுக்கு இரும்பு, நீர், ஆக்சிஜன் மூன்றும் வேண்டும். உப்பு இருந்தால் வேகம் கூடும். கடற்கரைக்குப் போய் வந்தால் காரின் அடிப்பகுதியையும் கழுவுங்கள். கதவுகளின் கீழ் ஓரத்தில் சிறு துளைகள் இருக்கும். மழைநீர் வடிவதற்கான வழி அது. இலையும் மண்ணும் அதை அடைத்துவிட்டால் கதவு உள்ளிருந்து துருப்பிடிக்கத் தொடங்கும்.

வெள்ளத்தில் மூழ்கிய காரை மட்டும் யாரும் உடனே ஸ்டார்ட் செய்ய விடாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருந்தால், சுருங்காத அந்தத் திரவத்தை அமுக்கப் பார்த்துப் பிஸ்டன் தண்டு வளைந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம்

காரை ஓட்ட உங்களுக்கு இன்னும் வயதாகவில்லை. ஆனால் பார்க்கும் வயது வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில், கார் சமதரையில் நிற்கும்போது, இஞ்சின் ஆறியிருக்கும்போது, பெரியவர் ஒருவருடன் சேர்ந்து இவற்றைப் பாருங்கள்:

1. டிப்ஸ்டிக்கை இழுத்துத் துடைத்து, மறுபடி விட்டு எடுங்கள். எண்ணெய் இரண்டு குறிகளுக்கும் இடையில் இருக்க வேண்டும். மேல் குறியைத் தாண்டி ஊற்றுவதும் தவறு.

2. கூலண்ட், பிரேக் எண்ணெய் கலன்களின் அளவை வெளியிலிருந்தே பாருங்கள். அடிக்கடி குறைந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். ஊற்றிக்கொண்டே இருக்காமல் பட்டறையில் காட்டச் சொல்லுங்கள்.

3. நான்கு டயர்களையும் ஸ்பேர் டயரையும் பாருங்கள். காற்றின் சரியான அளவு பெரும்பாலும் ஓட்டுநர் கதவோரம் ஒட்டியிருக்கும்.

4. கார் நின்ற இடத்தில் தரையைப் பாருங்கள். ஏர்கண்டிஷனிலிருந்து சொட்டிய தெளிந்த நீர் என்றால் கவலையில்லை. நிறமோ பிசுபிசுப்போ இருந்தால் கவனிக்க வேண்டும்.

5. பார்த்ததைத் தேதியோடும் கிலோமீட்டரோடும் எழுதி வையுங்கள்.

கூலண்ட் நச்சுத்தன்மை கொண்டது, ஆனால் இனிக்கும். தம்பி தங்கைகளுக்கும் பூனை நாய்களுக்கும் எட்டாமல் வையுங்கள். பழைய எண்ணெயையும் கூலண்டையும் கால்வாயில் ஊற்றக் கூடாது. பட்டறையிலேயே விட்டுவிடுங்கள்.

ஐந்தாவது வேலைக்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். மளிகைக் கடைக் கணக்குக்கு அப்பா வைத்திருந்தாரே, அந்தச் சிறிய 555 நோட்டு போதும். என் காரின் டேஷ்போர்டுப் பெட்டியிலும் ஒன்று இருக்கிறது. கார் வாங்கி பதினொரு ஆண்டு ஆகிறது, இது இரண்டாவது நோட்டு. இப்போது அப்பா என் வீட்டுக்கு வந்தால் முதலில் அதைத்தான் எடுத்துப் புரட்டுவார். "கூலண்ட் மாத்துற மாசம் வந்திருச்சு போல" என்பார்.

உங்கள் வீட்டில் எப்படித் தொடங்குவது? "நீங்க தப்பா பண்றீங்க" என்று சொன்னால் எந்த அப்பாவும் கேட்கமாட்டார். "அப்பா, கூலண்ட் கடைசியா எப்ப மாத்துனோம்?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் தெரியவில்லை என்றால் இருவரும் சேர்ந்து கையேட்டைத் திறக்க அதுவே நல்ல காரணம்.

யோசித்துப் பாருங்கள்

மூடியைத் திறந்து ஓராண்டாக அலமாரியில் இருக்கும் பிரேக் எண்ணெய்ப் புட்டி ஒன்று உங்கள் வீட்டில் இருக்கிறது. பாதிக்கு மேல் மிச்சம் உள்ளது, நிறமும் மாறவில்லை. காரில் ஊற்றலாமா, கூடாதா? காரணத்தை இரண்டே வரியில் எழுதி உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள்.